உடற்பருமன் சத்திரசிகிச்சையும் அதன் பின்னான வாழ்வும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்ன நிபுணர் இன்ன முறையைக் கையாண்டார், அதனை இன்னொருவர் இவ்வாறு திருத்தினார் என்ற வரிசையிலே நோயாளர் ஒரு தொகையாகவோ நூற்றுவீதமாகவோ மட்டுமே தலைகாட்டுவர். சத்திரசிகிச்சை மேசையிலிருந்து இறங்கி வீடு சென்றபின் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்ற வினா அடிக்குறிப்புகளுள் ஒதுங்கிவிடுகின்றது. இவ்வெழுத்துமுறையின் குறைபாட்டினை உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சையின் வரலாறு மிகத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது. குடல்வாலை அகற்றும் சத்திரசிகிச்சையில் நோயும் சிகிச்சையும் ஏறத்தாழ ஒருங்கே முடிந்துவிடுகின்றன. இங்கோ சத்திரசிகிச்சை சில மணித்தியாலங்களில் முடிய, அது தோற்றுவிக்கும் புதிய உடல்நிலை முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு நீடிக்கின்றது. ஆகவே இதன் வரலாற்றைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான வாழ்விலிருந்து தொடங்கி நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்தாகும்.

சமூக உற்பத்தி முறையினால் தோற்றுவிக்கப்பட்ட ஒரு நோய்நிலைக்குத் தனிமனித உடலிலே தீர்வு தேடப்பட்டது. அத்தீர்வு உண்மையிலேயே பல உயிர்களைக் காத்தது. ஆயினும் அதனைப் பேணிக்கொள்ளும் வாழ்நாள் உழைப்பும் செலவும் பழியும் நோயாளரின் தோளிலேயே சுமத்தப்பட்டன. இம்முரண்பாட்டின் வளர்ச்சியை 1950களிலிருந்து தொடர்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளவுகோலும் சொல்லும்

ஒருவர் எவ்வளவு நிறையுடையவராக இருத்தல் வேண்டும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் நீண்டகாலம் வழங்கிய அளவுகோல் காப்புறுதி அலுவலகத்திலே பிறந்தது. மெற்றோபொலிற்றன் ஆயுள் காப்புறுதிக் கம்பனி 1940களின் தொடக்கத்தில் 'இலட்சிய நிறை' அட்டவணைகளையும், 1959இல் 'விரும்பத்தக்க நிறை' அட்டவணைகளையும் வெளியிட்டது. காப்புறுதிப் பத்திரம் வாங்கக்கூடிய வசதி பெற்றோரின் உயரமும் நிறையும் இறப்பு வீதமும் அவற்றுக்கு ஆதாரமாயின. உடையும் பாதணியும் அணிந்த நிலையிலேயே அந்நிறைகள் கணிக்கப்பட்டன. எவரிடம் எவ்வளவு கட்டணம் அறவிடலாம் என்ற வணிகத் தேவைக்காகத் தொகுக்கப்பட்ட இவ்வட்டவணைகளே பின்னர் சத்திரசிகிச்சைக்கு உரியவர் யார் என்பதையும் தீர்மானித்தன. இலட்சிய நிறையிலும் 100 இறாத்தல் கூடியவர், அல்லது அதன் இருமடங்கு நிறையுடையவர் என்பது தொடக்ககால விதியாக விளங்கியது.

'நோய்த்தன்மை வாய்ந்த உடற்பருமன்' என்னும் தொடரின் வரலாறும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1960களில் லொஸ் ஏஞ்சல்ஸ் சத்திரசிகிச்சை நிபுணர் ஹவர்ட் பெயினும் அவரது சகாக்களும் இதனை வழக்குக்குக் கொண்டுவந்தனர் என்றும், காப்புறுதி நிறுவனங்கள் சிகிச்சைச் செலவை ஏற்கச் செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று என்றும் இத்துறையினர் கூறுவர். சொல் ஒன்று பொருளாதார உறவிலிருந்து பிறந்து, மருத்துவ உண்மையாக நிலைபெற்று, பின்னர் மனிதரைச் சுட்டும் முத்திரையாக மாறிய வகையை இங்கு காண்கிறோம். அதேவேளை, அச்சொல் இல்லாதிருந்தால் வறியவர் பலர் சிகிச்சையை எட்டியும் பார்த்திருக்கமாட்டார் என்பதையும் மறுப்பதற்கில்லை. முத்திரையே உரிமைச்சீட்டாகவும் அமைந்தது.

2. குடலைச் சுருக்கிய காலம்

1952இல் சுவீடனின் கோதென்பேர்க் நகரில் விக்டர் ஹென்றிக்சன் என்பவர் உடற்பருமனுக்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி அகற்றியமை பற்றி எழுதினார். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் றிச்சர்ட் வார்கோ 1953 அளவில் குடலை வெட்டி அகற்றாது, உணவுப் பாதையிலிருந்து விலக்கிவைக்கும் பக்கவழி இணைப்பைச் செய்தார். பைபாஸ் எனப் பொதுவழக்கில் வழங்குவது இதுவே. அடுத்த ஆண்டில் கிறெமென், லின்னர், நெல்சன் ஆகியோர் சிறுகுடலின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் போசணையில் வகிக்கும் பங்குபற்றி நாய்களில் நடத்திய ஆய்வினை வெளியிட்டனர். உணவு எவ்வளவு உட்கொள்ளப்பட்டாலும் உடல் அதனை அகத்துறிஞ்சாவிடின் நிறை குறையும் என்ற எளிய இயந்திரவியற் சிந்தனையே இம்முயற்சிகளின் அடிப்படை.

இவ்வரலாற்றின் முதலாவது பெரும்படிப்பினை பெயினின் அனுபவத்தில் உள்ளது. 1956இல் தொடங்கி, மிகுந்த பருமனுடைய பத்துப்பேருக்குச் சிறுகுடலின் மேற்பகுதியை நேரே பெருங்குடலுடன் அவர் இணைத்தார். இதனை அவர் தற்காலிக ஏற்பாடாகவே கருதினார். நிறை விரும்பிய அளவுக்குக் குறைந்ததும் குடலை மீண்டும் பழையபடி இணைத்துவிடலாம் என்பது திட்டம். நிறை குறைந்தது உண்மையே. ஆயின் ஓயாத வயிற்றோட்டமும் உடலின் உப்புகளின் சமநிலைக் குலைவும் நோயாளரை வருத்தின. குடல் மீள இணைக்கப்பட்டபோதோ இழந்த நிறை திரும்பி வந்தது. 1963இல் இவ்வனுபவம் வெளியிடப்பட்ட வேளையில் ஓர் உண்மை துலங்கியிருந்தது: தற்காலிகத் தீர்வு என ஒன்று இல்லை, உடலை நிரந்தரமாக மாற்றியமைக்க வேண்டும், அன்றேல் கைவிட வேண்டும். வாழ்நாள் முழுவதும் நோயாளராக இருத்தல் என்னும் நிலை இவ்விடத்திலேயே தோன்றுகின்றது.

பெயினும் லோறன் டிவின்டும் பின்னர் கையாண்ட முறையில், சிறுகுடலின் மேற்பகுதியின் 14 அங்குலம் கீழ்ப்பகுதியின் இறுதி 4 அங்குலத்துடன் இணைக்கப்பட்டது. ஏறத்தாழ 6 மீற்றர் நீளமுடைய சிறுகுடலில் உணவு செல்லும் வழி 45 சென்ரிமீற்றராகச் சுருங்கியது. 1970களில் ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இம்முறை பரவலாகக் கையாளப்பட்டது. முதலிரு ஆண்டுகளின் பெறுபேறுகள் ஊக்கமளித்தன. நோயாளர் நிறை இழந்தனர், கொலஸ்ரரோல் குறைந்தது, நீரிழிவு தணிந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லவே மறுபக்கம் வெளிப்பட்டது.

விலக்கப்பட்ட நீண்ட குடற்பகுதி உணவு செல்லாத குருட்டுச் சந்தாகியது. அங்கே நுண்ணுயிர்கள் பெருகின. அவற்றின் விளைவாக மூட்டுவாதமும் தோற் கொப்புளங்களும் தோன்றின. அகத்துறிஞ்சப்படாத கொழுப்பமிலங்கள் கல்சியத்துடன் பிணைய, வழமையாகக் கல்சியத்தோடு சேர்ந்து கழிவாக வெளியேறும் ஒட்சலேற்று தனித்து நின்று குருதியிற் கலந்தது. அதனால் சிறுநீரகக் கற்கள் உருவாகின. சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. விற்றமின் ஏ குறைந்து மாலைக்கண் ஏற்பட்டது. என்பு நலிந்தது. யாவற்றினும் கொடியது ஈரல் சிதைவாகும். சிலர் அதனால் உயிரிழந்தனர். 1980களின் தொடக்கத்தில் இம்முறை ஏறத்தாழ முற்றாகக் கைவிடப்பட்டது.

கைவிடப்பட்டது சத்திரசிகிச்சை முறையே. அதனைப் பெற்ற உடல்கள் தொடர்ந்து வாழ்ந்தன. சிலருக்குக் குடல் மீள இணைக்கப்பட்டது. அவர்களுட் பலருக்கு நிறை மீண்டது. வேறு சிலர் பத்து, இருபது ஆண்டுகளின் பின்னர் சிறுநீரக நோயோடு அல்லது ஈரல் நோயோடு வைத்தியசாலைக்கு வந்தபோது, அச்சத்திரசிகிச்சையைத் தம் கண்ணாற் கண்டிராத புதிய தலைமுறை வைத்தியரைச் சந்தித்தனர். மருத்துவம் ஒரு முறையை மறந்துவிடலாம். அம்முறையைத் தாங்கிய உடலுக்கு மறதி இல்லை.

3. பசியின் நோய்கள் திரும்பி வருதல்

மேற்கூறிய பட்டியலில் ஆழ்ந்து நோக்கத்தக்க ஒரு முரண் உண்டு. 1974இல் வெளியான ஆய்வொன்று, குடற் பக்கவழி பெற்றோரின் ஈரல் நோயைப் புரதக் குறைபாட்டுடன் இணைத்து, குவாஷியோக்கர் நோயுடன் ஒப்பிட்டது. குவாஷியோக்கர் என்பது 1930களில் பிரித்தானியக் குடியேற்ற நாடாகிய பொற்கரையிலே, இன்றைய கானாவிலே, சிசிலி வில்லியம்ஸ் என்னும் வைத்தியர் விவரித்த, போதிய புரதமின்றி வீங்கி வாடும் ஏழைக் குழந்தைகளின் நோய். உலகின் மிகச் செல்வம் படைத்த நாட்டின் வைத்தியசாலைகளில், மிகைப்பருமனுக்குச் சிகிச்சை பெற்ற வயதுவந்தோரின் குருதியிலே பஞ்சத்தின் அடையாளம் தென்பட்டது.

இதனிலும் எமக்கு அண்மையானது பெரிபெரியின் கதை. இச்சொல் இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பாக வந்தது என அகராதியாளர் பலர் கூறுவர். தயமின் என்னும் விற்றமின் பி1இன் குறைபாட்டால் விளையும் இந்நோய், இயந்திர ஆலைகளில் தீட்டிய வெள்ளையரிசி குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் மலிவுணவாகியபோது ஆசியச் சிறைகளிலும் சுரங்கங்களிலும் படைமுகாம்களிலும் பெருகியது. மலாயாவிலே தீட்டிய அரிசியுண்ட சீனத் தொழிலாளர் இந்நோய்க்குப் பெருந்தொகையாகப் பலியாக, புழுங்கலரிசியுண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர் என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராடன் என்னும் வைத்தியர் அவதானித்தார். புழுக்கும்போது உமியிலும் தவிட்டிலும் உள்ள சத்து அரிசியினுட் செல்வதே அதன் காரணமாகும்.

இந்நோயே இன்று இரைப்பைச் சத்திரசிகிச்சையின் பின்விளைவாக மருத்துவ ஏடுகளில் மீண்டும் பேசப்படுகின்றது. உடலிலுள்ள தயமின் இருப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்கே போதுமானது. சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மாதங்களில் ஒருவர் தொடர்ந்து வாந்தியெடுப்பாராயின் அவ்விருப்பு தீர்ந்துவிடும். கால்கள் மரத்தல், நடை தள்ளாடுதல், கண்கள் நிலைகொள்ளாது ஆடுதல், நினைவு குழம்புதல் என அது வெளிப்படும். தயமின் ஊசி முதலில் கொடுக்கப்படாது குளுக்கோசு நீர் மட்டும் ஏற்றப்படின் நிலைமை மேலும் மோசமாகி மூளைக்கு நிரந்தரத் தீங்கு நேரலாம். சிகிச்சை மலிவானது, அறியாமையின் விலையே பெரிது. பஞ்சப்பட்டோரின் நோய் எனப் பாடநூலின் பழைய அத்தியாயத்துக்குள் ஒதுக்கப்பட்ட ஒன்றினை, பருத்த உடலையுடைய ஒருவரிடத்து எதிர்பார்க்காத வைத்தியர் அதனைத் தவறவிடுதல் கூடும். பருமனைப் போசணை மிகுதியெனவே கொள்ளும் பொதுப்புத்தியின் பிழை இவ்விடத்தில் உயிருக்கே ஆபத்தாகின்றது.

4. இரைப்பையும் சந்தையும்

குடலிலிருந்து இரைப்பைக்குக் கவனம் திரும்பியமை அடுத்த கட்டமாகும். அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டோர் மெலிந்தே இருப்பதை அவதானித்திருந்தார். அவரும் சிக்காஷி இற்றோவும் 1966இல் இரைப்பைப் பக்கவழியை முதலிற் செய்து, 1967இல் அதனை வெளியிட்டனர். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை அமைக்கப்பட்டு, அது நேரே சிறுகுடலுடன் இணைக்கப்படுகின்றது. பின்வந்த வடிவங்களில் அப்பையின் கொள்ளளவு 30 மில்லிலீற்றர் அளவிலேயே அமைந்தது. 1977இல் கிறிஃபன் என்பார் பித்தநீர் மேலேறாதவாறு இவ்விணைப்பைத் திருத்தினார். 1994இல் விற்குறோவும் சகாக்களும் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காது சிறு துளைகள் வழியே இதனைச் செய்தமை பற்றி எழுதினர். மேசனைப் பொறுத்தவரை பிறிதொன்றும் சொல்லப்பட வேண்டும். 1986இல் அயோவாவில் அவர் தொடக்கிய பதிவேடு, சத்திரசிகிச்சை பெற்றோரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற உணர்வின் வெளிப்பாடாகும். அவர் 2020இல், தமது 100ஆவது வயதில், மறைந்தார்.

1995இல் வட கரோலினாவின் கிறீன்வில் நகரைச் சேர்ந்த வோல்ற்றர் போறிஸ் வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்புமுனை. இரைப்பைப் பக்கவழி பெற்ற 146 நீரிழிவு நோயாளருள் 121 பேரின் குருதிச் சீனி வழமை நிலையை அடைந்து நிலைத்தது. நிறை பெரிதாகக் குறையுமுன்பே, சில நாள்களுள்ளேயே, இம்மாற்றம் தொடங்குவது வியப்பளித்தது. இரைப்பையும் குடலும் வெறும் பைகளும் குழாய்களும் அல்ல. பசியையும் நிறைவையும் குருதிச் சீனியையும் ஆளும் ஓமோன்களைச் சுரக்கும் உறுப்புகள் என்பது தெளிவாகியது. 1950களின் இயந்திரவியற் கோட்பாடு, அதனாற் பிறந்த சத்திரசிகிச்சையின் பெறுபேறுகளாலேயே மறுக்கப்பட்டது. பசி என்பது மனவுறுதியின் குறைபாடு எனக் கூறிவந்த ஒழுக்கவியற் கோட்பாடும் இதனோடு ஆட்டங்கண்டது.

1990களிலிருந்து இத்துறை ஒரு பெருஞ்சந்தையாக வளர்ந்தது. 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, உடற்றிணிவுச் சுட்டி 40 உடையோரும், 35க்கு மேற்பட்டு வேறு நோய்களும் உடையோரும் சத்திரசிகிச்சைக்கு உரியர் என வரையறுத்தது. இரைப்பையைச் சுற்றிக் கட்டி இறுக்கவும் தளர்த்தவும் கூடிய சிலிக்கன் பட்டிக்கு 2001இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. எளிது, மீளப்பெறக்கூடியது என அது பெரிதும் விளம்பரப்படுத்தப்பட்டது. 2011 பெப்ரவரியில், உடற்றிணிவுச் சுட்டி 30 உள்ளோருக்கும், வேறு நோய்கள் இருப்பின், அது அனுமதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஆபத்துகளைப் போதியளவு கூறாது விளம்பரம் செய்தமைக்காகத் தென் கலிபோர்னியாவின் சிகிச்சை நிலையங்கள் சிலவற்றுக்கு அதே அதிகாரசபை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பட்டி நழுவுதல், இரைப்பையை அரித்தல், போதிய நிறைக்குறைவு ஏற்படாமை ஆகியவற்றால் பலருக்கு அது மீண்டும் அகற்றப்பட்டது. அதனிடத்தைப் பிடித்தது, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றி ஒரு குழாயளவாக்கும் முறையாகும். இன்று மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே. இதிலும் நெஞ்செரிவு பெருகி, சிலருக்குப் பின்னர் பக்கவழியாக மாற்றவேண்டி வருகின்றது.

ஒன்றன்பின் ஒன்றாக வந்த இம்முறைகளை நேர்கோட்டு முன்னேற்றமாகக் காண்பது வழக்கம். முன்னேற்றம் இல்லையென்று நாம் கூறவில்லை. சத்திரசிகிச்சையின்போதும் உடனடியாகப் பின்னரும் நேரும் இறப்பு மிகவும் குறைந்துள்ளது. எனினும் ஒவ்வொரு முறையின் குறையும் எவ்வாறு அறியப்பட்டது? அதனைத் தம் உடலிலே சுமந்து, ஐந்து, பத்து ஆண்டுகளின் பின் திரும்பி வந்து கூறியோரின் வாயிலாகவே. இவ்வறிவின் உற்பத்தியில் நோயாளரின் உழைப்பு அடங்கியுள்ளது. வரலாற்று நூல்களோ அதனை நிபுணரின் பெயரிலேயே வரவு வைக்கின்றன.

5. பின்னான வாழ்வு

அவ்வுழைப்பின் அன்றாட வடிவம் யாது? இரைப்பைப் பக்கவழி பெற்றவர் முதல் வாரங்களில் நீராகாரம், பின்னர் கூழாக்கிய உணவு, அதன்பின் மென்மையான உணவு எனக் குழந்தை சோறுண்ணப் பழகுவதுபோல மீண்டும் உண்ணப் பழகுகின்றார். ஒரு வாய் உணவை நெடுநேரம் மெல்ல வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. சற்று விரைந்து உண்டால் நெஞ்சில் அடைப்பும் வாந்தியும் நேரும். இனிப்பு மிகுந்தவற்றை உண்டாற் குடலுக்கு அது விரைந்து பாய்ந்து, வியர்வை, படபடப்பு, மயக்கம், வயிற்றோட்டம் ஏற்படும். சிலருக்கு உணவுண்டு ஒன்றிரண்டு மணித்தியாலங்களின் பின் குருதிச் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்வதும் உண்டு. மூன்றாவது மாதமளவிற் தலைமயிர் உதிரத் தொடங்கும். பெரும்பாலும் அது மீள முளைக்கும். விரைவான நிறைக்குறைவால் பித்தக்கற்கள் உருவாகலாம். இரும்பு, விற்றமின் பி12, விற்றமின் டி, கல்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் மேலதிகமாக உட்கொள்ள வேண்டும். மாதவிடாயுள்ள பெண்களுக்குக் குருதிச்சோகை நீங்காத துணையாகிவிடுகின்றது. ஆண்டுதோறும் குருதிப் பரிசோதனை அவசியம்.

அமெரிக்காவில் இச்சத்திரசிகிச்சை பெறுவோருள் ஏறத்தாழ 80 வீதத்தினர் பெண்கள். அந்நாட்டில் உடற்பருமன் இரு பாலாரிடையேயும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே காணப்படுகின்றது. ஆகவே மேசைக்கு அழைத்துவருவது நோய் மட்டுமன்று, பெண்ணுடல்மீது சமூகம் செலுத்தும் தீர்ப்பும் ஆகும் என்று கருத இடமுண்டு. வீட்டிலே மற்றையோர்க்குச் சமைத்துப் பரிமாறும் பொறுப்பும் பெரும்பாலும் இவர்களுக்கே உரியது. தான் மூன்று கரண்டி உண்டு, குடும்பத்துக்கு முழுச்சமையல் செய்யும் நிலையை எந்த அட்டவணையும் பதிவுசெய்வதில்லை.

சிகிச்சையின் பயன் குறித்து ஐயமில்லை. 1987இல் சுவீடனில் தொடங்கிய, லார்ஸ் சேஸ்ற்றிறோம் தலைமையிலான ஆய்வு, சத்திரசிகிச்சை பெற்ற 2010 பேரையும் பெறாத 2037 பேரையும் தொடர்ந்தது. 2007இல் வெளிவந்த முடிவுகள் சத்திரசிகிச்சை பெற்றோரிடையே இறப்பு குறைந்தமையை நிறுவின. 2020இல் வெளியான தொடர்ச்சி இன்னும் நுணுக்கமானது: சத்திரசிகிச்சை பெற்றோர், பெறாதோரிலும் 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர், ஆயின் பொதுமக்களிலும் 5.5 ஆண்டுகள் குறைவாகவே வாழ்ந்தனர். இவ்விரு எண்களையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். முதலாவதை மட்டும் கூறுவது விளம்பரம். இரண்டாவதை மட்டும் கூறுவது அச்சுறுத்தல்.

2007இல் யூற்றா மாநிலத்திலிருந்து வந்த ஆய்வும் இத்தகையதே. இரைப்பைப் பக்கவழி பெற்றோரிடையே மொத்த இறப்பு 40 வீதம் குறைந்தது. நீரிழிவினால் நேரும் இறப்பு 92 வீதம் குறைந்தது. விபத்து, தற்கொலை முதலான நோயல்லாக் காரணங்களால் நேரும் இறப்போ 58 வீதம் கூடியிருந்தது. மது பற்றிய 2012ஆம் ஆண்டு ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு முன்னர் 7.6 வீதமாக இருந்த மதுப்பிரச்சினை இரண்டாம் ஆண்டில் 9.6 வீதமாக உயர்ந்தது. பக்கவழி பெற்ற உடலில் மது விரைந்து குருதியிற் கலப்பது ஒரு காரணம். குடும்ப உறவுகளும் அசைகின்றன. 2018இல் வெளியான சுவீடன் ஆய்வு, துணையுடன் வாழ்ந்தோரிடையே பிரிவும், தனித்திருந்தோரிடையே புதிய திருமண உறவும் கூடியமையைக் காட்டியது.

இவற்றைத் தனிமனித மனக்குறைபாடு என விளக்குவது எளிது. நாம் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. உணவு என்பது போசணைப் பொருள் மட்டுமன்று. உறவாடலும் ஆறுதலும் சடங்கும் அதனுள் அடங்கும். வறுமையும் தனிமையும் களைப்பும் உள்ள வாழ்வில் மலிவாகக் கிடைத்த ஒரே ஆறுதல் உணவாக இருந்தோரிடமிருந்து அது நீக்கப்பட்டது. அவ்வாறுதலைத் தேடச்செய்த வாழ்நிலையோ மாறவில்லை. உடல் மெலிந்ததும் எல்லாம் தீரும் என்ற வாக்குறுதி பொய்க்கும்போது ஏற்படும் வெறுமை பெரிது. தொங்கும் மிகைத்தோலை அகற்றும் சத்திரசிகிச்சையை 'அழகுச் சிகிச்சை' எனக் கூறிக் காப்புறுதி நிறுவனங்கள் பலவேளை பணம் கொடுக்க மறுப்பதையும் இங்கு குறிப்பிடலாம். நிறை அவர்களது கணக்கு. தோல் நோயாளரின் கணக்கு.

நெடுங்காலம் இத்துறையினர் வெற்றியை இழந்த மிகைநிறையின் வீதமாகவே அளந்தனர். வாழ்க்கைத் தரத்தையும் சிக்கல்களையும் சேர்த்துக் கணிக்கும் அளவீட்டுமுறை ஒன்றை ஓறியாவும் மூர்ஹெட்டும் முன்வைத்தது 1998இலேயே. குடற் பக்கவழி தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்குமேல் கடந்துவிட்டன என்பது கவனிக்கத்தக்கது.

6. யாருடைய தோல்வி?

சில ஆண்டுகளின் பின் நிறை ஓரளவு மீள்வது பொதுவான அனுபவம். அவ்வேளை நோயாளரிடம் கேட்கப்படும் கேள்வி, என்ன தவறு செய்தீர்கள் என்பதாகும். வெட்கத்தினால் அவர் கிளினிக் செல்வதை நிறுத்துகின்றார். அதனோடு குருதிப் பரிசோதனையும் நின்றுவிடுகின்றது. குறைபாட்டு நோய்கள் மறைவில் வளர்கின்றன. ஆய்வேடுகளில் இவர் 'தொடர்பறுந்தோர்' என்ற நிரலிற் சேர்கின்றார். பழிசுமத்தல் மருத்துவ ரீதியாகவே தீங்கானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1960-62 காலப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் வயதுவந்தோருள் ஏறத்தாழ 13 வீதத்தினர் உடற்பருமனுடையோராக இருந்தனர். 2017-18இல் அது 42.4 வீதம். இரு தலைமுறைக்குள் ஒரு மக்கட்டொகையின் மனவுறுதி மும்மடங்கு தளர்ந்துவிட்டது என்று கொள்ளமுடியுமா? மாறியது உணவின் உற்பத்தியும் விநியோகமும், வேலையின் தன்மையும், நகரத்தின் அமைப்புமே. அரச மானியம் பெற்ற சோளமும் சோயாவும் மலிவான இனிப்பாகவும் எண்ணெயாகவும் மாறி, நெடுநேரம் உழைத்துக் களைத்தோரின் தட்டை நிரப்பின. உணவுக் கம்பனி இலாபமீட்டுகின்றது. பின்னர் மருந்துக் கம்பனியும் கருவிக் கம்பனியும் இலாபமீட்டுகின்றன. இவற்றிடையே ஒரு மனித உடல் சந்தையாகின்றது.

இதனை முதலில் உரத்துக் கூறியோர் பருமனான பெண்களே. 1973இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜூடி ஃபிறீஸ்பிறிற்றும் அல்டெபரான் என்ற புனைபெயருடையவரும் எழுதிய பருத்தோர் விடுதலை அறிக்கை, மெலிவிக்கும் தொழில்களைப் பகைவராகப் பெயர்சுட்டியது. அவற்றுள் சத்திரசிகிச்சையும் ஒன்று. குடற் பக்கவழி செழித்திருந்த அதே நகரில், அதே காலத்தில், இவ்வறிக்கை எழுந்தமை தற்செயலன்று. இவ்வறிக்கையின் இறுதி அறைகூவல் 1848ஆம் ஆண்டின் கம்யூனிஸ்ட் அறிக்கையின் இறுதியை எதிரொலிக்கின்றது. இக்குழுவினர் மருத்துவ ஏடுகளைத் தாமே வாசித்து வாதிட்டனர். சத்திரசிகிச்சையை முற்றாக நிராகரித்த அவர்தம் நிலைப்பாட்டை, பின்வந்த இறப்பு வீத ஆய்வுகளின் வெளிச்சத்தில் நாம் அப்படியே ஏற்கவியலாது. நீரிழிவினாற் காலிழக்கவிருந்த ஒருவருக்கு அச்சிகிச்சை விடுதலையாகவும் அமையும். ஆயினும் சிகிச்சை பெற்றோரின் சாட்சியமே முதன்மை ஆதாரம் என்ற அவர்தம் முறையியல் சரியானது. குடற் பக்கவழியின் வீழ்ச்சி அதனை மெய்ப்பித்தது.

2021இல் உடற்பருமனுக்கென அனுமதிக்கப்பட்ட செமகுளுற்றைட் ஊசிமருந்து இவ்வரலாற்றில் புதிய கட்டத்தைத் திறந்துள்ளது. மருந்தை நிறுத்திய ஓராண்டில், இழந்த நிறையின் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. 1963இல் பெயின் கண்டது இதனின் வேறன்று. வாழ்நாட் குடல் இணைப்பின் இடத்தில் வாழ்நாட் சந்தா வந்துள்ளது.

7. முடிவுரை

சென்னையிலும் கொழும்பிலும் இச்சத்திரசிகிச்சைகள் இன்று செய்யப்படுகின்றன. ஆசியரிடையே குறைந்த உடற்றிணிவுச் சுட்டியிலேயே நீரிழிவு தோன்றுவதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. எனவே இவ்வினா எம்மைவிட்டுத் தொலைவிலுள்ளதன்று. சத்திரசிகிச்சை செய்யலாமா, கூடாதா என்று மட்டும் விவாதிப்பது போதாது. அதனைச் செய்துகொண்ட ஒருவரை இருபதாம் ஆண்டில் யார் பார்ப்பார், எவருடைய செலவில் என்பதே கேட்கப்பட வேண்டியது. இங்கிலாந்தில் 2014இல் வெளியான தேசிய வழிகாட்டி, குறைந்தது ஈராண்டுகள் சிறப்புப் பிரிவிலும், அதன்பின் ஆண்டுதோறும் பொது மருத்துவ சேவையிலும் கண்காணிப்பை வேண்டியது. சென்ற இடத்தில் மலிவாகச் சிகிச்சை பெற்று நாடு திரும்புவோருக்கும், தனியார் நிலையத்தில் ஒருமுறை பணம் செலுத்தி வெளியேறுவோருக்கும் அத்தொடர்ச்சி இல்லை.

எமது இலவச சுகாதார சேவையில் நீரிழிவு நோயாளர் கையிற் கொண்டுசெல்லும் கிளினிக் கொப்பி எளிய பொருள். எனினும் அதில் ஒரு சமூகக் கோட்பாடு அடங்கியுள்ளது: நோய் நெடியது, ஆகவே பொறுப்பும் நெடியது, அப்பொறுப்பு பொதுவானது. சத்திரசிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் அத்தகைய கொப்பி ஒன்று வேண்டும். அதன் முதற்பக்கத்தில் என்ன சத்திரசிகிச்சை செய்யப்பட்டது என்பதும், வாந்தி நீடித்தால் முதலில் தயமின் கொடுக்க என்பதும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நிறையை எழுதும் நிரலுக்கு அருகில், அவர் எவ்வாறு வாழ்கின்றார் என்பதை எழுதவும் ஒரு நிரல் விடப்படுதல் வேண்டும். எழுபது ஆண்டுக்கால வரலாறு, அதனைத் தம் உடலால் எழுதியோர் வாயிலாக, எமக்கு உணர்த்தும் குறைந்தபட்சக் கோரிக்கை இதுவேயாகும்.